துரு ஏறாத இடம்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

பெட்டி படுக்கையோடு வந்து சேர்ந்துவிட்டேன். உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? மருமகள் கேட்டால், மாமா கப்பலில் இருக்கிறார் என்று சொல். பெருமைப்பட்டுக்கொள்ளட்டும். கப்பல் நகராது என்பதை மட்டும் சொல்லிவிடாதே.

இது ஓர் ஆற்றுமுகம். சரக்கு கிடைக்காத கப்பல்களை வரிசையாகக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். மனிதன் சும்மா இருந்தால் தொந்தி போடும், இரும்பு சும்மா இருந்தால் துருப்பிடிக்கும். அதைத் தடுப்பதுதான் என் உத்தியோகம். கப்பலின் வாசல்களையெல்லாம் அடைத்துவிட்டு, உள்ளே காற்றை உலர்த்தும் இயந்திரங்களை ஓடவிட்டிருக்கிறார்கள். காற்றின் ஈரம் நூற்றுக்கு ஐம்பதுக்குக் கீழே இருந்தால் இரும்பு சாதுவாகக் கிடக்கும். அறுபதைத் தாண்டினால் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் ஒன்று அதன்மேல் படிந்து, துரு ஓட்டமெடுக்கும். கடல் உப்பும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

ஒவ்வோர் அறையிலும் ஓர் ஈரமானியையும் விரலகலத்துக்கு ஒரு பளபளப்பான இரும்புத் தகட்டையும் தொங்கவிட்டிருக்கிறேன். மாதம் ஒருமுறை தகட்டை எடுத்து, துருவைக் கழுவி, எடை போட்டால், அந்த அறை எவ்வளவு இரும்பைத் தின்றிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

கடிதங்களைத் தலைமை அலுவலக முகவரிக்கே போடு. அவர்கள் பையில் சேர்த்து அனுப்பிவிடுவார்கள். இங்கே தொலைபேசி எடுப்பதில்லை. பேச்சுத் துணை குறைவுதான், பழகிவிடும்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

உன் தம்பி

*

ஜனவரி 27

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் வந்தது. எல்லோரும் நன்றாக இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் மழைக்கு முதல் நாளே வலிக்கத் தொடங்கிவிடுகிறது. உன் ஈரமானியைவிட அதை நம்பலாம்.

பட்டறையில் உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். பல் செட் செய்கிறவர்களுக்கு ஈரத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். மனித வாயைவிட ஈரமான அறை எந்தக் கப்பலில் இருக்கிறது? அதில் போய் உட்காரும் எங்கள் கம்பி துருப்பிடிப்பதில்லையே. "உன் தம்பிகிட்ட சொல்லு, கப்பலைப் பல் செட் கம்பியால கட்டினா அவனுக்கு வேலையே இருக்காது" என்று முதலாளியம்மா சொல்ல, பட்டறையே சிரித்தது.

உன் மருமகள் என்னோடு பேசுவதில்லை. பள்ளியில் ஓட்டப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். நான் போய் எடுக்கச் சொல்லிவிட்டேன். இந்த வருடமும் நெஞ்சைப் பரிசோதித்த டாக்டர், "ஒரு கோளாறும் இல்லைம்மா, தைரியமா ஓட விடுங்க" என்றுதான் சொன்னார். உன் அத்தானுக்கும் ஒரு கோளாறும் இல்லை என்றுதானே நினைத்திருந்தோம். முப்பத்தாறு வயது. ஏணியில் ஏறி இறங்கி வேலை செய்த உடம்பு. மாரடைப்பு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். அவர் ரத்தம்தானே இவள் உடம்பிலும் ஓடுகிறது. மற்ற பிள்ளைகள் ஓடும்போது இவள் நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டுகிறாள். பார்க்கச் சகிக்கவில்லை. ஆனாலும் எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அது சரி, ஆற்றுமுகம் என்று எழுதினாயே, எந்த ஆறு? கூட யார் இருக்கிறார்கள்? வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன், அக்கா

*

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நன்றாகச் சாப்பிடுகிறேன். ஆற்றுக்காற்றில் பசி கூடத்தான் செய்கிறது. மருமகளிடம் கோபித்துக்கொள்ளாதே. கொஞ்ச நாள் பொறு.

முதல் மாதத் தகடுகளை எடுத்தேன். உலர்த்திய அறைகளில் தொங்கியவை கிட்டத்தட்டப் போட்டபடியே இருந்தன. வெளித் தளத்தில் தொங்கியது செங்கல் நிறமாகிவிட்டது. இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். ஆனால் ஒரு தகடு என்னைக் குழப்புகிறது.

ஒரு பழைய கப்பலின் மூக்குப் பகுதியில் பெரிய தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. அடியில் கொஞ்சம் நீர் தேங்கிக் கிடக்கும். அதன் மூடியை வருடக்கணக்காக யாரும் திறந்ததில்லை. உலர்ந்த காற்று அங்கே போகாது. தண்ணீர் அளவு பார்க்கும் ஒல்லியான குழாய் வழியாகத் தகட்டையும் ஈரமானியையும் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கியிருந்தேன். ஈரமானி தொண்ணூற்றைந்தைக் காட்டியது. இந்த ஆற்றுமுகத்திலேயே ஈரமான இடம் அதுதான். தகடு தின்னப்பட்டு, சல்லடை மாதிரி வெளியே வரும் என்று நினைத்தேன். அதன்மேல் நீர்த்துளிகள் உருண்டன. துடைத்தேன். என் முகம் தெரிந்தது. ஒரு புள்ளித் துரு இல்லை.

கைத்தவறுதலாக எண்ணெய் பட்டிருக்கும் என்று வேறு தகட்டைக் கழுவி இறக்கினேன். அதுவும் அப்படியே வந்தது.

குழாயின் மூடியை முதல்முறை திருகியபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். காற்று வெளியே வரவில்லை, உள்ளே போனது. தூங்கி எழுகிறவன் மூச்சிழுப்பதுபோல் நீளமாக ஒரு சத்தம். கூட நின்ற காவற்காரர் இரண்டடி பின்னால் போய்விட்டார். "அது மூச்ச உள்ள இழுக்கும் தம்பி. வெளிய விட்டு நான் பார்த்ததில்ல" என்றார். இங்கே எனக்கு இருக்கும் ஒரே பேச்சுத் துணை அவர்தான். எல்லோரும் சுக்கான் என்று கூப்பிடுகிறார்கள். நடக்கும்போது, கப்பலைத் திருப்பும் சுக்கான் மாதிரி ஒரு பக்கமாகத் திரும்பித் திரும்பிப் போவார், அதனால் அந்தப் பெயர்.

அம்மாவின் காலுக்குத் தைலம் அனுப்புகிறேன்.

உன் தம்பி

*

மார்ச் 8

அன்புள்ள தம்பிக்கு,

தைலம் வந்தது. அம்மா தேய்த்துக்கொள்கிறாள். மணத்தைக் குறைசொல்லிக்கொண்டே தேய்த்துக்கொள்கிறாள்.

உன் கடிதத்தை இந்தத் தடவை பட்டறையில் வாசிக்கவில்லை. தனியாக உட்கார்ந்து படித்தேன். ஈரத்தில் கிடந்தும் துருப்பிடிக்காத தகடு என்றதும், காரணம் தெரியாமலே கையில் மயிர் சிலிர்த்தது. பிறகு சுக்கான் என்ற பெயரைப் படித்தேன்.

உன் அத்தான் விடுமுறையில் வரும்போதெல்லாம் தன் கப்பல் காவற்காரர் ஒருவரைப்போல நடந்து காட்டுவார். ஒரு தோள் முன்னால், ஒரு தோள் பின்னால். உன் மருமகள் அப்போது சின்னப் பிள்ளை, விழுந்து விழுந்து சிரிப்பாள். "இன்னொரு தடவை சுக்கான் மாதிரி நடங்கப்பா" என்பாள்.

எந்த ஆறு என்று கேட்டிருந்தேன். நீ பதில் எழுதவில்லை. மறந்துவிட்டாய் என்று நினைத்தேன். இப்போது மறுபடி கேட்கிறேன். நீ எந்த ஊரில் இருக்கிறாய்?

அக்கா

*

ஏப்ரல் 12

தம்பிக்கு,

நலமாக இருக்கிறாயா என்று மட்டும் எழுது. அம்மா தினமும் கேட்கிறாள். தபால் வரவில்லை என்று நானும் தினமும் சொல்கிறேன். ஒரு மாதமாக நீ ஒன்றும் எழுதாததே எனக்குப் பதில்தான். ஆனாலும் உன் கையெழுத்தில் பார்க்க வேண்டும்.

அக்கா

*

ஏப்ரல் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். கவலைப்பட வைத்துவிட்டேன். நீ நினைத்த ஊர்தான். நினைத்த கப்பலும்தான். அத்தான் கடைசியாக வேலைக்கு இறங்கிய தொட்டியும் அதுதான்.

இந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் நானே கேட்டு வாங்கி வந்தேன். அத்தானைப் பெட்டியில் கொண்டுவந்து இறக்கிய நாளிலிருந்து அந்த ஒற்றை வார்த்தை எனக்குள் இறங்கவில்லை. உறுதியாகத் தெரியாமல் உன்னிடம் எதையும் சொல்ல மனம் வரவில்லை. ஆறத் தொடங்கிய புண்ணைக் கிளறுவானேன் என்று இருந்தேன்.

இப்போது பாதி தெரிந்திருக்கிறது. எழுதுகிறேன், நிதானமாகப் படி.

துரு என்பது இரும்பும் காற்றின் உயிரான பிராணவாயுவும் சேர்ந்து பெறும் பிள்ளை. ஈரம் நடுவில் நிற்கும் தரகன். தரகன் எவ்வளவு சுறுசுறுப்போ அவ்வளவு வேகமாகக் காரியம் நடக்கும். திறந்த வெளியில் இரும்பு எவ்வளவு காற்றைத் தின்றாலும் புதுக் காற்று வந்துகொண்டே இருக்கும். அடைத்த தொட்டியில் எங்கிருந்து வரும்? ஈரமும் பழைய துருவும் இருந்தால், சுவர்களே உள்ளே இருக்கும் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்த்துவிடும். அதனால்தான் குழாய் மூச்சை இழுத்தது. உள்ளே காற்று குறைந்து கிடந்தது. அதனால்தான் தகடு துருப்பிடிக்கவில்லை. தரகன் இருக்கிறான், ஆனால் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை இல்லை.

இரும்புக்கே மிச்சமில்லாத இடத்தில் மனிதன் இறங்கினால் என்ன ஆகும்? வாசனை இருக்காது. மூச்சு முட்டாது. தலை கிறுகிறுக்கும், உட்காரத் தோன்றும். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது.

அத்தானின் நெஞ்சு நன்றாகத்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். சுக்கானிடம் கேட்டேன். "அந்தப் பேச்ச விடுங்க தம்பி, நானும் பிழைக்கணும்ல" என்று சொல்லிவிட்டு ஒரு வாரம் என் பக்கமே வரவில்லை.

உன் தம்பி

*

மே 17

தம்பிக்கு,

உன்னைத் திட்டி ஒரு கடிதம் எழுதிக் கிழித்தேன். அழுது ஒன்று எழுதிக் கிழித்தேன். இது மூன்றாவது.

அவரைக் கொண்டுவந்தபோது முகம் தூங்குகிற மாதிரி இருந்தது உனக்கு நினைவிருக்கிறதா? நீ கூட்டத்தைக் கவனித்துக்கொண்டிருந்தாய். நான் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நகங்கள் நீலமாக இருந்தன. கேட்டேன். மாரடைப்பில் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். பெரியவர்கள் சொல்கிறார்களே என்று விட்டுவிட்டேன்.

நீ எழுதியதை அம்மாவிடம் சொல்லவில்லை. உன் மருமகளிடமும் சொல்லவில்லை. "நினைக்கிறேன்" என்று எழுதியிருக்கிறாய். நினைப்பை நம்பி நான் அவளை ஓடவிட மாட்டேன். பாதி தெரிந்தால் போதாது, தம்பி. முழுக்கத் தெரிந்துகொண்டு எழுது.

ஆனால் அதற்காக நீ அந்தத் தொட்டியில் இறங்கக் கூடாது. இது உன் அக்காவின் சொல். ஒருவரைப் பெட்டியில் வாங்கினேன். போதும்.

அக்கா

*

ஜூன் 21

அன்புள்ள அக்காவுக்கு,

என் கை கால் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கப்பலை வாங்க ஆள் வந்துவிட்டது. தொட்டிக்குச் சாயம் பூசிக் கொடுக்க வேண்டுமாம். காற்றைச் சோதிக்காமல் யாரையும் இறக்காதீர்கள் என்று மேனேஜரிடம் பல தடவை சொன்னேன். "நீங்க தகடு எடை போடுற வேலையைப் பாருங்க" என்றார். போன வாரம் நான் வேறு கப்பலில் இருந்தபோது மூடியைக் கழற்றத் தொடங்கியிருக்கிறார்கள். சுக்கான் ஓடிவந்து சொன்னார். அவர் நேராக ஓடி நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

நான் போனபோது மூடி திறந்திருந்தது. பெயின்டர் ஒருவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். கை விளக்கை உள்ளே நீட்டியிருந்தார். திரும்பாமலே பேசினார்.

"கீழ ஒருத்தர் உக்காந்திருக்காரு."

"யாரும் இருக்க முடியாதுண்ணே. இப்பத்தானே தொறந்தீங்க."

"சுவத்துல சாஞ்சு உக்காந்திருக்காருங்க. கைய நீட்டுறாரு. மயக்கமா இருக்காரு போல."

சொல்லிக்கொண்டே ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டார். பயந்து ஓடுகிற ஆளைத் தடுக்கலாம். உதவி செய்யப் போகிற ஆளைத் தடுப்பது கஷ்டம். சட்டையின் பின்கழுத்தைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் தளத்தில் விழுந்தோம். அவர் என்னை அடிக்கக் கை ஓங்கினார். "ஒரு மனுஷன் சாகக் கெடக்கறாரு, விடுய்யா" என்றார். நான் சாய எண்ணெயில் துணி நனைத்துக் கொளுத்தி, கம்பியில் கட்டி, எல்லோரும் பார்க்க உள்ளே இறக்கினேன். ஓர் ஆள் உயரம்கூடப் போகவில்லை. காற்றே அடிக்காமல் தீ அணைந்தது. யாரோ வாயை மூடினதுபோல் அணைந்தது. பெயின்டர் ஓங்கிய கையை இறக்கிவிட்டார்.

துறைமுகத்திலிருந்து காற்றை அளக்கிற ஆள் கருவியோடு வந்தார். இறங்கினவன் இரண்டு மூச்சுக்கு மேல் தாங்க மாட்டான் என்று மேனேஜரின் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

அதற்குப் பிறகு சுக்கான் வாய் திறந்தார். "அன்னிக்கு அவரைத் தூக்க ரெண்டு பேர் எறங்கினாங்க. ரெண்டு பேருக்கும் காலு மடங்கிருச்சு. இடுப்புல கயிறு இருந்ததால இழுத்துட்டோம். மூணு பேருக்கும் ஒரே நேரத்துல மாரடைப்பு வருமா தம்பி? ஆனா அப்படித்தான் சொல்லணும்னு சொல்லிட்டாங்க." அந்த இரண்டு பேரில் ஒருவர் பக்கத்துக் கப்பலில்தான் இருக்கிறார். அவரும் ஒப்புக்கொண்டார். துறைமுகத்தார் இருவரையும் விசாரித்தார்கள்.

முழுக்கத் தெரிந்துகொண்டு எழுது என்றாய். எழுதிவிட்டேன். அத்தானின் நெஞ்சில் குறை இல்லை. மருமகள் ஓடட்டும்.

உன் தம்பி

*

ஜூலை 6

அன்புள்ள தம்பிக்கு,

நீ எழுதியதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா எழுந்து போய், உன் அத்தானின் சட்டை ஒன்றை எடுத்து மடித்து, மறுபடி அதே இடத்தில் வைத்தாள். உன் மருமகளிடமும் சொன்னேன். "அப்போ அப்பாவுக்கு ஒண்ணுமே இல்லையாம்மா?" என்று கேட்டாள். பிறகு, "அப்போ எனக்கும் ஒண்ணும் இல்ல" என்றாள். அழவில்லை. மாடிப்படியில் ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கச் சொல்லிவிட்டேன்.

நீ அந்த ஆளின் சட்டையைப் பிடித்து இழுத்ததற்கு, அவர் வீட்டுப் பெண் உனக்கு நன்றி சொல்வாள். அவள் சார்பில் நான் சொல்கிறேன்.

ஆனால் தம்பி, ஒன்றை நீ தாண்டிப் போய்விட்டாய். பெயின்டர் கீழே ஒருவரைப் பார்த்தார் என்று எழுதினாய். நீயும் எட்டிப் பார்த்திருப்பாய். பார்க்காமல் இருக்கிற ஆள் இல்லை நீ. என்ன பார்த்தாய் என்று எழுதவில்லை.

எழுது. எனக்குப் பயம் இல்லை.

அக்கா

*

ஜூலை 19

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு, எழுதலாமா வேண்டாமா என்று கப்பலைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். எழுதுகிறேன்.

பார்த்தேன். அவர் சொன்னபடியே ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

தொட்டிக்குள் பல நாள் பெரிய விசிறி வைத்துக் காற்றடித்து, கருவியில் அளந்து, இடுப்பில் கயிறு கட்டி, மேலே ஆள் நிற்க, அதற்குப் பிறகுதான் இறங்கினேன். உன் சொல்லை மீறியதாக நினைக்காதே. அப்போது அது வெறும் அறை.

அத்தான் இறங்குவதற்குச் சில வாரம் முன்பு ஒரு பக்கச் சுவரை மட்டும் சுரண்டிப் பளபளவென்று ஆக்கிவிட்டு, மூடியைப் பூட்டி வைத்திருந்தார்களாம். மற்ற சுவர்களிலும் அடியிலும் பழைய துரு. காற்றைத் தின்றது அதுதான். அத்தான் இறங்கி, தலை சுற்றி, சுரண்டிய சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். வேலைச் சட்டையெல்லாம் கிரீஸ். அது சுவரில் ஒட்டிக்கொண்டது. அவரைத் தூக்கிய பிறகு பயத்தில் மூடியை அப்படியே திறந்து போட்டுவிட்டார்கள். ஈரக் காற்று உள்ளே போய், சுரண்டிய சுவர் முழுக்கத் துருப்பிடித்தது, கிரீஸ் பட்ட இடத்தைத் தவிர. பிறகு யாரோ மூடியைப் பூட்டினார்கள். உள்ளே போன காற்றும் தீர்ந்தது. தீர்ந்த இடத்தில் எல்லாம் நின்றுவிட்டது. நான்கு வருடம் அப்படியே.

பழுப்புச் சுவரில் வெள்ளையாக ஒரு முதுகு. ஒரு தோள் மேலே, ஒரு தோள் கீழே. தலை சாய்ந்த இடம். மடக்கிய கால். வலது கை முழுதாக, விரல்கள் விரிந்து, ஏணியை நோக்கி நீண்டிருக்கிறது. விளக்கைக் காட்டினால் அது மின்னுகிறது. விளக்கை அசைத்தால் அசைகிறது. காரணமெல்லாம் எனக்குத் தெரியும், இப்போதுதானே உனக்கு எழுதினேன். ஆனாலும் என்னால் அதற்கு முதுகைக் காட்டி ஏணியில் ஏற முடியவில்லை. பின்பக்கமாகவே ஏறினேன்.

இப்போது உன்னை ஒன்று கேட்க வேண்டும். மூடியைத் திறந்துவிட்டோம். புதுக் காற்று வந்துவிட்டது, ஈரமும் இருக்கிறது. கிரீஸ் காய்ந்து மெலிந்துவிட்டது. விளிம்புகளில் துரு தொடங்கியிருக்கிறது. சிறிய உலர்த்தும் இயந்திரம் ஒன்றைத் தொட்டிக்குள் இறக்கி, ஈரத்தை நாற்பதில் நிறுத்தி வைத்திருக்கிறேன். துரு நின்றுவிட்டது. சாயம் பூசுவதை நான் சொல்லும்வரை தள்ளிவைக்க மேனேஜர் ஒப்புக்கொண்டார். இப்போது அவர் நான் எது சொன்னாலும் ஒப்புக்கொள்கிறார். இயந்திரம் ஓடும்வரை அது அப்படியே இருக்கும்.

நீ வந்து பார்க்கிறாயா? நீ வரும்வரை ஓட்டி வைக்கவா?

உன் தம்பி

*

ஆகஸ்ட் 3

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். தனியாக அந்த இடத்தில் இனி இறங்காதே.

உன் கடிதம் வந்த அன்றே பயணத்துக்குத் துணி எடுத்து வைத்தேன். முதலாளியம்மா விடுப்பும் கொடுத்துவிட்டார். பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்தவள் அங்கேயே நின்றேன். கை ஏணியை நோக்கி நீண்டிருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைத் தாண்டி எனக்குக் கால் போகவில்லை.

அவர் வெளியே வரத்தான் கையை நீட்டியிருக்கிறார். அதை நாம் உலர்ந்த காற்று வைத்துப் பிடித்து நிறுத்தியிருக்கிறோம். நான் வந்து பார்த்தால், இன்னொரு நாள் இருக்கட்டும் என்பேன். பிறகு இன்னொரு நாள். என்னை எனக்குத் தெரியும். பிள்ளையை அத்தனை வருடம் நாற்காலியில் உட்கார வைத்தவள் நான்.

இயந்திரத்தை நிறுத்திவிடு.

நேற்று இங்கே பந்தயம் நடந்தது. உன் மருமகள் நான்காவதாக வந்தாள். வந்து புல்லில் மல்லாந்து படுத்துக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். "ஏம்மா என்னையே பாக்கற?" என்றாள். "ஒண்ணுமில்ல, நல்லா மூச்சு வாங்கு" என்றேன்.

அம்மா உனக்கு ஆசி சொல்லச் சொன்னாள்.

அக்கா

*

ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நான்காவதாக வந்தவளுக்கு மாமாவின் முத்தம்.

நீ சொன்னபடி இயந்திரத்தை நிறுத்தி மேலே தூக்கிவிட்டேன். மூடியைத் திறந்தே வைத்தேன். ஆற்றின் ஈரம் தாராளமாக உள்ளே போனது. ஈரமானி எண்பதுக்கு ஏறியது. இறங்காதே என்றாய், இறங்கவில்லை. தினமும் காலையில் மேலிருந்து விளக்கை நீட்டி மட்டும் பார்த்தேன். சுக்கான் கூட நின்றார்.

முதலில் கால் போனது, அடியில் ஈரம் அதிகம். பிறகு முதுகு மங்கியது, தோள்கள் போயின. தலை இருந்த இடம் சில நாள் தாக்குப்பிடித்தது. கடைசியில் கை மட்டும் மிஞ்சியது.

நேற்றுக் காலை விளக்கைக் காட்டியபோது அந்தக் கை ஏணிக்கு இன்னும் பக்கத்தில் இருப்பதுபோலத் தெரிந்தது. உள்ளங்கையில் துரு ஏறி, விரல்நுனிகள் மட்டும் மிச்சம் இருந்ததால் அப்படித் தெரிந்திருக்கலாம். சுக்கானும் பார்த்தார். "கிட்ட வந்துட்டாரு" என்று மெதுவாகச் சொன்னார். எதையும் அளந்து பார்க்காமல் விடுகிறவன் இல்லை நான். இதை அளக்கவில்லை. மூடியிலிருந்து விலகி, வருகிறவருக்கு வழிவிடுகிற மாதிரி, இரண்டு பேரும் ஓர் ஓரமாக நின்றோம்.

மதியம் மறுபடி பார்த்தேன். சுவர் முழுக்க ஒரே நிறமாக இருந்தது.

உன் தம்பி